அங்கத்துவச் சீட்டும் தகர வில்லையும்

விருந்தோம்பல் தமிழர்க்குப் புதியதன்று. வாயிலில் வந்து நிற்பவர் யார், எவர் என்று வினவாமல், முதலில் நீரும் பின்னர் சோறும் அளிப்பது பழைய வழக்கு. ஆனால் விலை பெற்று நடத்தப்படும் விருந்தோம்பலுக்கு இலக்கணம் வேறு. யாரை உள்ளே விடுவது, யாரை வாயிலோடு நிறுத்துவது, அடிக்கடி வருவோருக்கு எத்தகைய தனிச்சிறப்புச் செய்வது என்பனவே அதன் முதல் விதிகள்.

இக்காலத்து உல்லாச விடுதிகளில் மூன்று வழக்கங்கள் பெருகியுள்ளன. அறை, உணவு, பானம், பொழுதுபோக்கு அனைத்தையும் ஒரே கட்டணத்துள் அடக்கிவிடுவது ஒன்று. பிள்ளைகளுக்கு இடமளியாது, வயதுவந்தோரை மட்டும் ஏற்பது மற்றொன்று. ஒரே குழுமத்தின் ஹோட்டல்களில் மீண்டும் மீண்டும் தங்குவோரை அங்கத்தவராகப் பதிந்து, தங்கிய இரவுகளைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, புள்ளி சேரச் சேர மேலான அறையும் சலுகையும் வழங்குவது மூன்றாவது. இம்மூன்றாவதற்கு விசுவாசத் திட்டம் என்று பெயர். இவை யாவும் நேற்று முளைத்தவை போலத் தோன்றும். பெயர்கள் புதியனவே, பொருள் பழையது. இலங்கையின் மலைநாட்டிலே, நுவரெலியாவுக்கு அணித்தாயுள்ள கந்தப்பளையையும் அதன் சுற்றுப்புறத்தையும் நோக்கினால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இவ்வழக்கங்கள் வெவ்வேறு கோலத்தில் நிலவியமை புலனாகும்.

ஆங்கிலேய மருத்துவரான ஜோன் டேவி 1819ஆம் ஆண்டில் நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ், தாழ்நாட்டின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலேயர் உடல் தேறுதற்கேற்ற இடம் இதுவே எனக் கொண்டு, தமக்கும் இங்கே ஒரு மாளிகை எழுப்பினார். பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்த கட்டிடத்தின் கரு அந்த மாளிகையே. 1847ஆம் ஆண்டில் உடல்நலம் நாடி இவ்வூருக்கு வந்த சாமுவேல் பேக்கர், மறு ஆண்டிலே இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் வரவழைத்து, இங்கு ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முற்பட்டார். 1855ஆம் ஆண்டில் அவர் நாடு திரும்பிய போதிலும், அவர் கண்ட கனவு இங்கேயே தங்கிவிட்டது. குளிரும் பனியும், தோட்டத்துப் பூக்களும், கணப்பு எரியும் கூடமும் கொண்ட ஒரு சிறு இங்கிலாந்து மலையுச்சியிலே உருவாயிற்று.

அச்சிறு இங்கிலாந்தின் வாயிற்காவலாக அமைந்தது 1876ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹில் கிளப் என்னும் மனமகிழ் மன்றம். கோப்பித் தோட்டத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தருமே அதன் அங்கத்தவர். அக்காலத்துக் கிளப்புகளில் அங்கத்தவர் கையிலே காசை எண்ணிக் கொடுப்பதில்லை. உண்டதற்கும் குடித்ததற்கும் ஒரு சீட்டிலே கையொப்பமிட்டால் போதும்; மாத முடிவில் கணக்கு வந்து சேரும். காசைக் காணாமலே துய்க்கும் இன்பம், இன்று ஒரே கட்டணத்துள் யாவும் அடங்கிய விடுதிகளிலே விற்கப்படும் அதே இன்பந்தான். ஹில் கிளப்பிலே பெண்களுக்குத் தனி வாயில் இருந்தது. இலங்கையர் எவரும், எத்துணைக் கல்வியும் செல்வமும் பெற்றவராயினும், 1960களின் பிற்பகுதி வரை அங்கத்தவராகச் சேர இயலவில்லை. துரைமார் தாயகம் திரும்பி, அங்கத்தவர் தொகை குன்றிய பின்னரே கதவு திறந்தது. இன்றோ அங்கு தங்க வருபவர் எவரும் சிறு தொகை செலுத்தித் தற்காலிக அங்கத்தவராகலாம். இரவு உணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணியவேண்டும் என்ற விதி மட்டும் நெடுங்காலம் நிலைத்தது; அவை இல்லாதவருக்கு மன்றமே இரவல் கொடுத்தது.

இச்சுகவாசம் முழுவதும் எதன்மேல் நின்றது? கோப்பியின்மேலும், பின்னர் தேயிலையின்மேலும் நின்றது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, மலைச்சரிவுகள் யாவும் தேயிலைமயமாயின. 1885ஆம் ஆண்டில் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. அங்கிருந்து இரண்டரை அடி அகலமே கொண்ட சிறு பாதையொன்று 1903ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கும், மறு ஆண்டில் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் சென்றது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த கந்தப்பளை நிலையம் இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையங்களுள் ஒன்று. தேயிலைப் பெட்டிகளும் துரைமாரும் ஏறி இறங்கிய அப்பாதை 1940களில் மூடப்பட்டது.

துரைமார் கையிலே அங்கத்துவச் சீட்டு இருந்த அதே காலத்தில், மலைக்கு வந்த மற்றொரு கூட்டத்தாரும் ஓர் அடையாளத்தைச் சுமந்து வந்தனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளர், தொடக்கத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தே வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். 1901ஆம் ஆண்டில் ‘டின் டிக்கற்’ என்னும் முறை ஏற்பட்டது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று தொழிலாளியின் கழுத்திலே கயிற்றிற் கோத்துக் கட்டப்பட்டது. வில்லையைக் காட்டினால் வழியிலே உணவும் பயணமும் கிடைக்கும். கையிலே காசு வேண்டியதில்லை. ஆயின் அச்செலவு தோட்டத்தின் கணக்கிலே ஏறி, இறுதியில் தொழிலாளியின் கடனாக வந்து முடிந்தது. கிளப்புச் சீட்டும் தகர வில்லையும் காசின்றிக் கணக்கில் வாழும் இருவகை வாழ்க்கை. முன்னது கணக்குத் தீர்ந்ததும் சுதந்திரமாய் வெளியேற விடும். பின்னது கணக்குத் தீராதபடியே ஆளைப் பிணிக்கும்.

அப்பிணைப்பின் இறுக்கம் ‘துண்டு’ முறையிலே தெளிவாகும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணிக்கும் அவர் கூட்டத்துக்கும், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. அதனை ஏற்கும் தோட்டம் கடனைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் கைமாறும், கடனோடு மனிதரும் கைமாறுவர். 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் இத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவே குடும்பத்தின் உலகமாயிருந்தது.

பிள்ளைகளின் நிலையும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. விடுதியின் அமைதி கெடாதிருக்கப் பிள்ளைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்துவது இக்காலத்து வழக்கம். தோட்டத்திலோ, கொழுந்து பறிக்கும் வேலை தடைப்படாதிருக்கத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைத்தனர். பெரட்டுக் களத்துக்குப் போகுமுன் கைக்குழந்தையைப் ‘பிள்ளைக்காம்பரா’விலே விட்டுச் செல்வதும், இடையிலே ஓடிவந்து பாலூட்டுவதும் தாய்மாரின் அன்றாட வாழ்க்கையாயின. சற்று வளர்ந்த பிள்ளைகளும் சிறு கூலிக்கு மலையேறினர். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்தியது. ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாய் நடந்த அத்தோட்டப் பள்ளிகள், 1970களின் பிற்பகுதி தொடக்கமே படிப்படியாக அரசாங்கப் பள்ளிகளாயின. ஐந்தாம் வகுப்போடு நின்ற பல்லாயிரவர் வாழ்க்கைக்கு அத்தாமதமே காரணம்.

எல்லா அங்கத்துவங்களிலும் பெரியது நாட்டின் அங்கத்துவம், அதாவது பிரசாவுரிமை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே மலைநாட்டுத் தமிழர் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் சட்டங்களும் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கின. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்காக விடப்பட்டனர். அந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967ஆம் ஆண்டிலே நிறைவேறியது. மலையுச்சியிலே ஹில் கிளப் இலங்கையருக்குக் கதவைத் திறந்த காலமும், மலைச்சரிவிலே மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர் தாம் எந்நாட்டவர் என்று விண்ணப்பப் படிவம் நிரப்பி நின்ற காலமும் ஒன்றே. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றவர் பிரச்சினை பெருமளவிலே தீர்ந்தது.

இனி, கந்தப்பளையில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைக் காண்போம். இங்கே ஹெதர்செட் என்னும் தோட்டம் ஒன்றிருந்தது. அது இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர். அத்தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை தொழில் நின்றுபோய், இருபதாண்டுக்கு மேலாக வெறுமையாய்க் கிடந்தது. 1990களிலே எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் அதனை இடிக்காமல், கட்டிடத்தின் உருவமும் இயந்திரங்களின் சாயலும் மாறாதபடி ஹோட்டலாக்கிற்று. 1996ஆம் ஆண்டிலே ‘தேயிலைத் தொழிற்சாலை’ என்ற பெயராலேயே அது திறக்கப்பட்டது. பச்சைக் கொழுந்தை இரவெல்லாம் பரப்பிக் காற்றிலே வாட்டிய மேல்மாடிகள் விருந்தினரின் படுக்கையறைகளாயின. பெரிய விசிறிகளும் பழைய எஞ்சினும் காட்சிப் பொருள்களாயின. பழைய புகையிரதப் பெட்டியொன்று ‘டி.சி.கே. 6685’ என்ற பெயரோடு உணவகமாயிற்று. விருந்தினர் விரும்பினால் கூடை சுமந்து சிறிது நேரம் கொழுந்து பறிக்கலாம். பறித்த கொழுந்து தேயிலையாகி அவர்கள் கைக்கே வந்து சேரும். குறித்த நிறை கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்று வாழும் பெண்கள் அதே மலையிலே இன்றும் கொழுந்து பறிக்கின்றனர்.

பெருந்தோட்ட நிலம் உல்லாச நிலமாக மாறுவது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. யாவும் ஒரே கட்டணத்துள் அடங்கிய விடுமுறைக்கு இக்கால வழிகாட்டி, பெல்ஜியரான ஜெரார்ட் பிளிட்ஸ் 1950ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘கிளப் மெடித்தரேனி’ என்பர். மயோர்க்காத் தீவிலே கூடாரங்களோடு ஆரம்பமான அவ்விடுமுறைக் கிராமங்களிலே, பின்னர் மணிமாலை வழக்கம் ஏற்பட்டது. விருந்தினர் கழுத்திலே அணிந்த மாலையிலிருந்து மணிகளைக் கழற்றிக் கொடுத்துப் பானம் பெற்றனர். கழுத்திலே கட்டிய தகர வில்லையை நினைப்பவர்க்கு, அந்த மணிமாலை ஒரு விசித்திரமான பிம்பமாகத் தோன்றும். யமேக்காத் தீவிலே, கரும்புத் தோட்டங்களின் நாட்டிலே, 1981ஆம் ஆண்டிலே தொடங்கிய சாண்டல்ஸ் நிறுவனம் தம்பதியருக்கு மட்டுமான விடுதிகளை உலகறியச் செய்தது. ஆபிரிக்க அடிமைகளும், 1845 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளும் கரும்பு வெட்டிய நாடு அது. அதே 1981ஆம் ஆண்டிலே அமெரிக்க விமானக் கம்பெனியொன்று பயணிகளுக்கான விசுவாசத் திட்டத்தை வகுத்தது. இரண்டாண்டுள் பெரிய ஹோட்டல் நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

விசுவாசம் என்ற சொல்லை இங்கே நிறுத்துப் பார்த்தல் தகும். ஓராண்டிலே சில இரவுகள் தங்கியவரை ஹோட்டல் பெயர் சொல்லி வரவேற்கின்றது; அவர் விரும்பும் அறையையும் தலையணையையும் நினைவில் வைத்திருக்கின்றது. வாணிபத்துக்கு அது நேரிய முறையே, அதிலே குற்றமில்லை. ஆனால் ஒரே மலையிலே நான்கு, ஐந்து தலைமுறை தங்கியவருக்கு என்ன புள்ளி எழுதப்பட்டது? பெரட்டுப் புத்தகத்திலே அவர்கள் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது உண்மை. அது கூலிக் கணக்குக்காக எழுதப்பட்டது, நினைவுக்காக எழுதப்படவில்லை.

பாழடைந்த தொழிற்சாலை ஹோட்டலானதைக் குறைகூறுவது வரலாற்று நோக்காகாது. வெறுமையாய்க் கிடந்திருப்பின் அக்கட்டிடம் துருவேறி விழுந்திருக்கும். ஹோட்டலானதால் அது காப்பாற்றப்பட்டது. காப்பாற்றப்பட்டது சுவரும் சக்கரமும் மட்டுமா, அவற்றை இயக்கிய மனிதரின் வரலாறுமா என்பதே கேள்வி. எந்த எஞ்சின் எந்த ஆண்டிலே வார்க்கப்பட்டதென்று பலகை எழுதி வைப்பது எளிது. அந்த மாடியிலே இரவெல்லாம் கொழுந்து புரட்டியவர் எவ்வூரிலிருந்து வந்தார், எத்தனை பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டார், எந்த ஆண்டிலே பிரசாவுரிமை பெற்றார் என்று எழுதி வைப்பதும் அத்துணை அரிதன்று. தகர வில்லைகளும், துண்டுக் காகிதங்களும், பெரட்டுப் புத்தகங்களும் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவற்றைத் திரட்டிக் காப்பது மலைநாட்டுப் பள்ளிகள் இன்றே தொடங்கக்கூடிய பணி. முதியோர் வாய்மொழியைக் குறித்துவைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பனி மூடிய அம்மலைக்கு நாளை வரும் விருந்தினர், எந்த நாட்டவராயினும், தேநீரை அருந்துமுன் அக்குறிப்புகளை வாசிக்கும்படி செய்துவிட்டால், முதன்முதலாக அம்மலையின் வாயில் இருபுறமும் திறந்ததாகும்.