குத்தகைக்காரரின் நீரூற்று

பாடாங் கோத்தாவில் காற்று வாங்க வருபவர்களில் பாதிப் பேர், மாநகர மன்றக் கட்டடத்தருகே நிற்கும் பழைய நீரூற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோ சியாங் தாட் என்ற செல்வந்தர் 1883இல் நகராட்சிக்குக் கொடுத்தது அது. ஊருக்குத் தண்ணீர் ஊற்று தந்தவரின் குடும்பச் செல்வத்தில் சாராயத்துக்கும் அபினுக்கும் பெரிய பங்கு உண்டு. எனக்கு அந்த நீரூற்றில் பிடித்த விஷயமே இந்த முரண்தான்.

கதை அவருடைய கொள்ளுத்தாத்தாவிடம் தொடங்குகிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கியபோது, கோலா கெடாவிலிருந்து வந்த கோ லே ஹுவான் அவருக்கு ஒரு மீன்பிடி வலையைப் பரிசாகக் கொடுத்தார். மறுவருடமே சீனர்களின் முதல் கப்பித்தான் ஆனார். அச்சேயிலிருந்து மிளகுக் கொடி கொண்டுவந்து நட்டார். சாராயக் குத்தகையும் எடுத்தார்.

இந்தக் குத்தகை எப்படி நடந்தது? ஆரம்ப காலப் பினாங்கு, வரி இல்லாத துறைமுகம். சுங்கம் வாங்கக்கூடாது, ஆனால் போலீசுக்குச் சம்பளம் கொடுக்கணும். அதனால் சாராயம், அபின், சூதாட்டம் ஆகியவற்றின் தனியுரிமையைக் கும்பெனி ஏலம் விட்டது. எடுத்தவர் மாதாமாதம் ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும், அதற்கு மேல் வருவதெல்லாம் அவருக்கு. கள்ளக் கடைகளைப் பிடிக்கத் தன் ஆட்களையே வைத்துக்கொள்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி அபின் குத்தகையிலிருந்தே வந்தது.

நான் இஞ்சினியர், டெண்டர் காகிதங்களோடு வாழ்கிறவன். என் கண்ணுக்கு இதில் முதலில் படுவது லாபமல்ல, புதுப்பிக்கும் தேதி. குத்தகைக் காலம் முடிந்ததும் மறுபடி அதே அரசாங்கத்தின் முன்னால் போய் நிற்கணும். அப்படிப்பட்டவர் அந்த அரசாங்கத்தை என்ன கேள்வி கேட்பார்?

இங்கே ஒரு ஜெர்மானியரை நினைத்துக்கொள்கிறேன். ஆடம் ஃபோன் இட்ஸ்டைன், 1775இல் பிறந்தவர், பாடன் நாட்டு அரசு அதிகாரி. 1822இல் அங்குள்ள சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இராணுவச் செலவை எதிர்த்தார். தண்டனையாக இடமாற்றம் வந்தது. தண்ணியில்லாக் காடு என்று சொல்ல முடியாது, மேர்ஸ்பர்க் ஏரிக்கரை ஊர். ஆனாலும் அவர் போகவில்லை, வேலையையே விட்டார். விட முடிந்தது, ஏனென்றால் ரைன் பக்கம் ஹால்கார்டன் கிராமத்தில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பிறகு ஜெர்மனியின் பல நாடுகளிலிருந்தும் தாராளவாதிகள் அந்தத் தோட்ட வீட்டில்தான் கூடிப் பேசினார்கள். வந்தவர்களில் ஒருவரான ராபர்ட் புளூம் 1848இல் வியன்னாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இட்ஸ்டைனும் அந்த வருடம் பிராங்க்பர்ட் நாடாளுமன்றத்தில் இருந்தார். புரட்சி தோற்றதும் நாட்டைவிட்டு ஓடி, பின்னர் திரும்பிவந்து, 1855இல் அதே ஹால்கார்டனில் இறந்தார்.

இரண்டுமே குடியில் வந்த காசுதான். ஒருவருக்குத் தோட்டம் சொந்தம், ஆகவே வாயும் சொந்தம். இன்னொருவருக்கு உரிமையே இரவல். கோ சியாங் தாட் குறைந்தவர் என்று நான் சொல்லவரவில்லை. சட்டமன்றத்துக்குத் தேர்தலே இல்லாத காலனியில் அவர் எங்கே போய்ப் பேசுவது? அவரால் கொடுக்க முடிந்தது, கொடுத்தார். 1869இல் விக்டோரியா ராணியின் மகன் எடின்பரோ கோமகன் வந்தபோது, தங்கியது இவர் மாளிகையில்தான்.

அந்தப் பெரிய கணக்கில் நமக்கும் ஒரு வரி உண்டு. கள்ளுக்கும் கஞ்சாவுக்கும் இங்கே தனிக் குத்தகை இருந்தது. வாங்கியவர்களில் நம்மவர்கள் நிறைய. எதிர்க்கரையில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டத்தில் நாள் முழுக்க வெட்டிவிட்டு, சாயங்காலம் கூலியின் ஒரு பங்கைக் கள்ளுக்கடையில் கொடுத்த தமிழனும் இந்த ஊரின் சாலைக்கும் விளக்குக்கும் காசு கட்டியவன்தான். நீரூற்றுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவன் கட்டிய வரிக்கு ரசீதுகூடக் கிடையாது.