தராசு சொன்ன தீர்ப்பு

"உன் மகன் எத்தனை கிலோ, அக்கா?"

கேட்கிறாள் அண்டை வீட்டுக்காரி. ஆண்டு ஒன்று நிறைந்த தன் மகனை இடுப்பில் ஏந்தி நிற்கிறாள். கொழுகொழுவென்று இருக்கிறது குழந்தை. "எட்டரை" என்கிறாள் இவள், குரலைத் தாழ்த்தி. "அப்படியா! இவன் பதினொன்று ஆகிவிட்டானே!" கூறிவிட்டு நடக்கிறாள் அவள், நடையிலே ஒரு பெருமிதம்.

அன்றிரவு இந்த வீட்டில் உறக்கம் இல்லை. பாலிலே குறையா, பராமரிப்பிலே பிழையா, பரம்பரையிலே பழுதா, பார்த்தவர் கண்ணா? ஆராய்ச்சி நடக்கிறது! மாமியார் மிளகாய் சுற்றிப் போடுகிறார். கணவன் கடைக்கு ஓடி மாவு டப்பா வாங்கி வருகிறான். காலையிலே சிரித்தது, தவழ்ந்தது, சட்டியை உருட்டிச் சத்தமிட்டது குழந்தை. மாலையிலே, ஓர் எண்ணின் காரணமாக, நோயாளி ஆக்கப்பட்டுவிட்டது!

எண்ணுக்கு இத்தனை ஆற்றல் எப்படி வந்தது? குழந்தையைத் தராசிலே வைக்கும் பழக்கம் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது, இடையிலே எப்படித் திசை மாறியது? அந்த வரலாறு அறிந்தால், இளந்தாயின் கலக்கம் தீரும். சமுதாயத்துக்கோ, புதிய கலக்கம் ஒன்று பிறக்கும். பிறக்கத்தான் வேண்டும்!

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பாவிலே மகப்பேற்று நூல்கள் பல இருந்தன. எழுதியோர் பெரும் புலவர்கள், பேர்பெற்ற மருத்துவர்கள். பிறந்த குழந்தையின் எடை 12 ராத்தல் என்றும், அதற்கு மேலும் கூட எழுதிவைத்தனர். எழுதியதைப் படித்தனர், படித்ததைப் பரப்பினர். ஏடு இருந்தது அவர்களிடம். தராசும் இருந்தது, மளிகைக் கடைதோறும்! ஆனால் குழந்தையை அதிலே வைத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் மட்டும் எழவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து மருத்துவர் ரோடரர், 1753-ல் அதைச் செய்தார். பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். ஆறு, ஏழு ராத்தல் அளவிலேதான் நின்றது முள்! தலைமுறை தலைமுறையாக வந்த ஏட்டுரை, ஒரு தராசுத் தட்டிலே தோற்றது.

அடுத்து வந்தான் ஒரு தந்தை. பிரான்சு நாட்டுப் பிரபு மோன்பெய்யார் என்பான். 1759-ல் பிறந்த தன் மகனின் உயரத்தை, ஆறு திங்களுக்கு ஒருமுறை என்ற அளவிலே, 1777 வரை, பதினெட்டு ஆண்டுகள் அளந்து குறித்தான். அவன் நண்பர், இயற்கை நூல் வல்லுநர் புஃபான், அந்தக் குறிப்பைத் தம் பெருநூலின் இணைப்பிலே வெளியிட்டார். ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை கூறும் முதல் ஆவணம் அது. விரைந்து வளர்கிறது மழலை. விரைவு தணிகிறது பிள்ளைப் பருவத்தில். மீண்டும் பாய்ச்சல் எடுக்கிறது இளமையின் வாயிலில். இதனை உலகுக்குக் காட்டிற்று அந்தத் தந்தையின் அளவுகோல். யாரோடு ஒப்பிட்டான் தன் மகனை? அண்டை மாளிகைப் பிள்ளையோடு அல்ல. மகனின் நேற்றோடு மகனின் இன்றை ஒப்பிட்டான்! முதல் பாடம் இது. நாம் மறந்துவிட்ட பாடமும் இதுதான்.

மாளிகையிலே தொடங்கிய அளவுகோல், ஆலை வாயிலுக்கு வந்தது. 1829-ல் பிரெஞ்சு மருத்துவர் வில்லர்மே, படைக்கு ஆள் சேர்க்கும்போது எடுக்கப்பட்ட உயரக் கணக்குகளை ஆராய்ந்து ஓர் உண்மையைச் சொன்னார்: வாழ்க்கை வசதி மிகுந்த இடத்திலே மனிதன் விரைந்து வளர்கிறான், உயர்ந்தும் வளர்கிறான், வறுமை அவனைக் குள்ளமாக்குகிறது. 'மண்ணின் தன்மை, மரபின் தன்மை' என்று பேசிக்கொண்டிருந்தோர் நடுவே, 'வயிற்றைப் பாருங்கள்' என்றார் அவர்.

இங்கிலாந்திலே 1833-ம் ஆண்டுச் சட்டம், பட்டாலை நீங்கலாக, நெசவாலைகளில் 9 வயது நிரம்பாத சிறாரை வேலைக்கு வைக்கலாகாது என்றது. ஆம், 9 வயது! அதுவே அன்று பெரும் சீர்திருத்தம். ஆனால் வயதுக்குச் சான்று ஏது? அரசாங்கப் பிறப்புப் பதிவு அங்கே தொடங்கியதே 1837-ல்தான். கூலி வேண்டிய பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னர். கைகள் வேண்டிய முதலாளி கண்ணை மூடிக்கொண்டான். ஆகவே மருத்துவர், சிறுவனின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு வயதை மதிப்பிட்டார். பொய் சொல்லத் தெரியாத சான்றாக நின்றது, அந்தப் பிஞ்சு உடல்.

பொய் சொல்லவில்லை அது. ஆனால் எத்துணைக் கசப்பான உண்மையைச் சொல்லிற்று! பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் அளவைக் குழு 1883-ல் தந்த அறிக்கையைக் காணுங்கள். 14 வயதுச் சிறுவர்கள், ஒரே நாட்டவர், ஒரே மொழியினர். சீமான் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளியிலே இருந்தவனுக்கும், ஏழைச் சிறார்க்கான தொழிற்பள்ளியிலே இருந்தவனுக்கும் உயரத்திலே வேறுபாடு ஏறத்தாழ 7 அங்குலம்! கடவுள் படைப்பா அந்த 7 அங்குலம்? கருவிலே எழுதிய எழுத்தா? அல்ல. பால் கிடைத்தவன் ஒருவன், பஞ்சுத் தூசி கிடைத்தவன் மற்றொருவன். உறங்கியவன் ஒருவன், உழைத்தவன் மற்றொருவன்.

கடல் கடந்து பாஸ்டன் நகரிலே, ஹார்வர்டு பேராசிரியர் பவுடிச், 24,000-க்கும் மேற்பட்ட பள்ளிச் சிறாரை அளக்கச் செய்து 1877-ல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் 1891-ல், கால்ட்டன் வகுத்த முறையைக் கையாண்டு, இன்று மருத்துவர் மேசைமீது இருக்கும் வரைபடத்துக்கு வழிகாட்டினார். எளிய முறைதான். ஒரே வயதுடைய நூறு நலமான குழந்தைகளை எடை வரிசையிலே நிறுத்துங்கள். ஒருவன் முதலிலே நிற்பான், ஒருவன் இறுதியிலே நிற்பான், ஐம்பதாவது இடத்திலே ஒருவன் நிற்பான். வரிசை என்றால் முன்னும் பின்னும் இருந்தே தீரும்! இருபதாம் இடம் என்பது தேர்விலே பெற்ற இருபது மதிப்பெண் அன்று, தோல்வியும் அன்று. நூறு பேரும் ஐம்பதுக்கு மேலே நிற்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர், கணக்கையே கண்ணீர் விடச் செய்கிறோம்!

தராசு தாய்மார்க்குத் துணையாகவும் வந்தது. பாரிஸ் நகரிலே 1892-ல் மருத்துவர் புதேன், தாய்மார் தம் கைக்குழந்தையுடன் தவறாது வந்து எடை பார்த்து அறிவுரை பெறும் நிலையத்தைத் திறந்தார். தளர்ச்சியைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து உயிர் காக்கும் முயற்சி அது.

அதே தராசு, அமெரிக்காவிலே சந்தைக்கும் சென்றது! 1908-ல் லூசியானா மாநிலக் கண்காட்சியிலும், 1911-ல் அயோவா மாநிலக் கண்காட்சியிலும் 'சிறந்த குழந்தை'ப் போட்டிகள் நடந்தன. கால்நடைகளுக்கு மதிப்பெண் இடுவது போன்றே மழலைகளுக்கும் மதிப்பெண் அட்டை. எடைக்கு இத்தனை, உயரத்துக்கு இத்தனை. வென்ற குழந்தைக்குப் பரிசு. குழந்தை நலனில் அக்கறை கொண்டோர் தொடங்கியதுதான். தாய்மார்க்கு நல்லறிவு புகட்டவும் செய்தனர். ஆனால் போட்டி என்று வந்த பிறகு, எங்கே போய் நின்றது? இண்டியானா மாநிலத்திலே 1920 முதல் 1932 வரை நடந்த போட்டிகளிலே வெள்ளையர் குழந்தைகளுக்கு மட்டுமே இடம்! கறுப்பினத் தாயின் குழந்தை எத்தனை ராத்தல் இருந்தாலும் தராசுத் தட்டு அதனை ஏற்காது. 'உயர்ந்த குருதி' என்ற நச்சுக் கொள்கைக்கு மழலையின் எடையும் விளம்பரம் ஆயிற்று.

அளவுகோலே தவறிப்போன கதையும் உண்டு. 1977-ல் அமெரிக்காவிலே வெளியிடப்பட்ட வளர்ச்சி வரைபடத்தை உலக நலவாழ்வு நிறுவனமும் ஏற்று, நாடெங்கும் பரப்பிற்று. அதிலே கைக்குழந்தைகளுக்கான கணக்கு, ஒஹாயோ மாநிலத்தின் ஒரு பகுதியிலே, பெரும்பாலும் புட்டிப்பால் அருந்திய வெள்ளையர் குழந்தைகளை அளந்து எடுத்தது. விளைவு? தாய்ப்பால் அருந்தி நலமாக வளரும் குழந்தை, சில திங்களுக்குப் பிறகு அந்தப் படத்திலே 'பின்தங்குவதாக'க் காட்சி அளித்தது. 'பால் போதவில்லை' என்று கலங்கினர் தாய்மார். குழந்தையிலே குறை இல்லை, கோட்டிலே குறை!

பிழை உணர்ந்த உலக நலவாழ்வு நிறுவனம், 1997 முதல் 2003 வரை புதிய ஆய்வு நடத்திற்று. பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஆஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், இந்தியாவின் தெற்கு டில்லி ஆகிய ஆறு இடங்கள். ஏறத்தாழ 8,500 குழந்தைகள். தாய்ப்பால், தூய சூழல், மருத்துவ வசதி, புகை பிடிக்காத தாய் என்று, வளர்ச்சிக்குத் தடை இல்லாத வீட்டுக் குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தனர். கண்டது என்ன? கறுப்பர், வெள்ளையர், மாநிறத்தார் அனைவர் குழந்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நீண்டு வளர்ந்தன! உயர வேறுபாட்டிலே நாட்டுக்கு நாடு உள்ளது 3 விழுக்காடு அளவே. ஒரே ஊரிலே குழந்தைக்குக் குழந்தை உள்ளதோ 70 விழுக்காடு. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோர் செவியிலே விழட்டும் இந்தக் கணக்கு!

2006-ல் வெளிவந்த அந்த அளவைப்படி, ஓராண்டு நிறைந்த ஆண் குழந்தையின் நடு எடை 9.6 கிலோ, இயல்பெனக் கொள்ளும் எல்லை 7.7 முதல் 12 வரை. பெண் குழந்தைக்கு நடு எடை 8.9, எல்லை 7 முதல் 11.5 வரை. எட்டரையும் நலம், பதினொன்றும் நலம்! உறங்காத தாயே, மிளகாயை அடுப்பங்கரைக்கே திருப்பி அனுப்பு.

ஆயின், என்ன பார்ப்பது? திசையைப் பார். நைஜீரியாவின் இமேசி சிற்றூரிலே பணியாற்றிய மருத்துவர் டேவிட் மார்லி, தாயின் கையிலேயே அட்டையைக் கொடுத்து, கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்று காணக் கற்பித்தார். தமிழ்நாட்டிலே 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 6 முதல் 36 திங்கள் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்கு உடனே சத்துணவு அளித்தது. மாதங்கள் சில சென்றும் கோடு ஏறாவிடில், அல்லது இறங்கினால், மருத்துவரை நாடு. அண்டை வீட்டை நாடாதே!

இயல்பிலே வகை உண்டு என்ற இந்த உண்மையை, கல்நெஞ்சர் சிலர் கவசமாக்கிக் கொள்ளவும் கூடும். 'சிறுத்திருப்பதும் இயல்புதானே' என்பர், பட்டினிச் சேரியைக் காட்டி! அவர்க்கு வரலாறு விடை கூறும். ஒரு குழந்தை வரிசையின் கடைசியிலே நின்றால், அது இயற்கையின் வகை. ஒரு சேரியின் குழந்தைகள் அனைத்தும் வரிசையின் கடைசியிலே நின்றால், அது சமுதாயத்தின் குற்றம். 1883-ன் அந்த 7 அங்குலம் எந்தத் தாயின் குறையும் அன்று. அந்த நாட்டின் குறை.

தாயே, உன் மகனை அவனுடைய நேற்றோடு ஒப்பிடு. நாடே, உன் குடிசைக் குழந்தையை மாளிகைக் குழந்தையோடு ஒப்பிடு. தராசு தயாராக இருக்கிறது. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் துணிவுதான் வேண்டும்!