கடந்தகாலத்தை விசாரித்த ஜெர்மனி: நியூரம்பர்க் முதல் ஸ்டாசி கோப்புகள் வரை

ஹிட்லரின் நாஜி ஆட்சி (1933–1945) இழைத்த குற்றங்களையும், பின்னர் கிழக்கு ஜெர்மனியில் சோஷலிச ஐக்கியக் கட்சி நடத்திய ஒடுக்குமுறையையும் ஜெர்மானியர்கள் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஆவணக் காப்பகத்திலும் விசாரித்துப் பொது நினைவில் நிறுத்திய முயற்சி முக்கால் நூற்றாண்டைத் தாண்டியது. சுமார் 60 லட்சம் யூதர்களின் கொலைக்குப் பொறுப்பான நாடு தன் தலைநகரின் நடுவிலேயே அதற்கு நினைவிடம் எழுப்பியதைக் காட்டி, ஒரு தேசமே மனம் திருந்திவிட்டது என்று சொல்வதுண்டு. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல இடமில்லை. பெரும்பான்மையோர் மறக்கவே விரும்பினார்கள். மறக்கவிடாமல் செய்தவர்கள் சிலரே. அவர்கள் கையில் இருந்தவை பழைய கோப்புகள், தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியம், சட்டம் விதித்த காலக்கெடு ஆகியவை மட்டுமே. ஜெர்மனியின் நினைவுப் பண்பாடு பெரிதும் சட்ட நடைமுறையில் தொடங்கி, பிறகே மக்கள் மனத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நியூரம்பர்க்கும் அதன்பின் வந்த மௌனமும்

நேச நாடுகள் நடத்திய நியூரம்பர்க் சர்வதேச நீதிமன்றம் 1945 நவம்பர் 20 அன்று தொடங்கி, 1946 அக்டோபர் 1 அன்று 22 பேர் மீது தீர்ப்பு வழங்கியது. 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை. மேல்மட்டத் தலைவர்களோடு கணக்குத் தீர்ந்தது என்றே பல ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாஜிக் கட்சியில் சுமார் 85 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களைச் சலித்தெடுக்க அமெரிக்க மண்டலத்தில் 131 கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்து, பெருங்குற்றவாளி முதல் குற்றமற்றவர் வரை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். அண்டை வீட்டாரும் பாதிரியாரும் கொடுத்த நற்சான்றுகளால் பெரும்பாலோர் ‘கூட்டத்தோடு போனவர்’ என்ற நான்காம் வகையில் சேர்ந்து தப்பித்தார்கள். மேற்கு ஜெர்மனி 1951இல் இயற்றிய ஒரு சட்டம், 1945இல் பதவி இழந்த அரசு ஊழியர்களில் மிகப் பலர் மீண்டும் வேலைக்கு வர வழிவிட்டது. நாஜிகளின் நியூரம்பர்க் இனச் சட்டங்களுக்கு உரை எழுதியவர்களில் ஒருவரான ஹன்ஸ் குளோப்கே, 1953 முதல் 1963 வரை சான்சலர் அடேனாவரின் அலுவலகத் தலைவராக இருந்தார். இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு வழங்கும் ஒப்பந்தம் 1953 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 239 பேர் ஆதரித்தார்கள், 35 பேர் எதிர்த்தார்கள், 86 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். ஆளும் கூட்டணியே பிளவுபட்ட நிலையில், எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் வாக்குகள்தாம் அந்த ஒப்பந்தத்தைக் கரைசேர்த்தன.

இந்த மௌனத்துக்கு ஆதரவாக வலுவான ஒரு வாதம் உண்டு. பழையதைக் கிளறாமல் விட்டதால்தான் லட்சக்கணக்கான முன்னாள் நாஜிகள் புதிய ஜனநாயகத்தின் குடிமக்களாக மாற முடிந்தது என்று தத்துவவாதி ஹெர்மன் லூபே 1983இல் வாதிட்டார். அரசியல் நிலைத்தன்மையை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஐரோப்பியச் சிறுபான்மையினரான சிந்தி, ரோமா மக்கள் 1943க்கு முன் அனுபவித்த பெரும்பாலான துன்புறுத்தல் இன அடிப்படையிலானதல்ல என்று மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1956இல் தீர்ப்பளித்தது. அதனால் பலருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. அந்த நீதிமன்றமே 1963இல் நிலையை மாற்றிக்கொண்டது. எனினும் சிந்தி, ரோமா மக்கள் கொல்லப்பட்டதை அரசு இனப்படுகொலை என ஏற்றது 1982இல்தான். அதற்கும் முன்னதாக 1980இல் அவர்கள் டாஹௌ முகாம் வளாகத்தில் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. குற்றம் செய்தவர்களை ஒருங்கிணைத்த அதே மௌனம், பாதிக்கப்பட்டவர்களை வெளியே நிறுத்தியது.

எரிந்த தாள்களிலிருந்து ஒரு வழக்கு

மௌனத்தில் முதல் விரிசலை உண்டாக்கியது ஒரு வேலை வழக்கு. நாஜி ஆட்சியில் கிழக்கு எல்லையில் காவல்துறை இயக்குநராக இருந்த ஒருவர், பறிபோன அரசுப் பதவியைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். செய்தித்தாளில் வந்த அவர் பெயர் அவரைக் காட்டிக்கொடுத்தது. லித்துவேனிய எல்லைப் பகுதியில் 5,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குற்றத்துக்காக 10 பேர் மீது 1958இல் உல்ம் நகரில் விசாரணை நடந்தது. தற்செயலாக அல்லாமல் திட்டமிட்டுத் தேட ஓர் அமைப்பு வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் லுட்விக்ஸ்பர்க்கில் நாஜிக் குற்றங்களுக்கான மத்தியப் புலனாய்வு அலுவலகம் தொடங்கப்பட்டது. மறு மாதமே, ஹெஸ்ஸே மாநிலத் தலைமை அரசு வழக்குரைஞர் ஃப்ரிட்ஸ் பவுவருக்கு ஒரு பத்திரிகையாளர் சில தாள்களை அனுப்பினார். போர் முடியும் தறுவாயில் பிரெஸ்லௌ நகரில் எரிந்துகொண்டிருந்த கட்டடத்திலிருந்து எடுக்கப்பட்ட, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமின் தாள்கள் அவை. ‘தப்பியோடும்போது’ சுடப்பட்ட கைதிகளின் பெயரும் சுட்ட காவலர்களின் பெயரும் அவற்றில் இருந்தன. கொன்றவர்கள் தாங்களே எழுதிவைத்த கணக்கு வழக்கின் முதல் ஆதாரங்களுள் ஒன்றானது.

யூதரும் சமூக ஜனநாயகவாதியுமான பவுவர், நாஜி ஆட்சியில் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் தப்பிப் போனவர். அவர் முயற்சியால் 1963 டிசம்பர் 20 அன்று பிராங்க்பர்ட் ஆஷ்விட்ஸ் வழக்கு தொடங்கி 1965 ஆகஸ்ட் வரை நடந்தது. 350க்கும் மேற்பட்ட சாட்சிகளில் 200க்கும் அதிகமானோர் ஆஷ்விட்ஸில் உயிர்பிழைத்தவர்கள். 1964 டிசம்பரில் நீதிமன்றத்தின் சார்பில் ஒரு குழு முகாம் இருந்த போலந்துக்கே சென்றது. மேற்கு ஜெர்மனிக்கும் போலந்துக்கும் அப்போது தூதரக உறவுகூட இல்லை. சாட்சிகள் சொன்ன இடத்திலிருந்து அவர்கள் சொன்னதைப் பார்க்க முடியுமா, கேட்க முடியுமா என்று குழுவினர் முகாமில் நின்று சரிபார்த்தார்கள். இறுதியில் தீர்ப்புப் பெற்ற 20 பேரில் 17 பேர் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டார்கள். 6 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இனப்படுகொலையைச் சாதாரணக் கொலைச் சட்டத்தால் அளக்க முடியுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. தனித்தனிச் செயலை நிரூபிக்கச் சொல்லும் சட்டத்தில், தன் விருப்பத்துக்குக் கொடுமை செய்தவன் கொலைகாரன் ஆனான். உத்தரவுப்படி நச்சுவாயு அறையை நடத்தியவன் வெறும் உடந்தை ஆனான். முகாம் முழுவதையும் ஒரே குற்றச் செயலாகக் கொள்ள வேண்டும் என்ற பவுவரின் வாதம் ஏற்கப்படவில்லை. அதே போக்கிலான தீர்ப்பு 2011இல் மியூனிக்கில், முகாம் காவலராக இருந்த டெம்யான்யுக் மீதான வழக்கில்தான் வந்தது. இருந்தும் ஆஷ்விட்ஸ் வழக்கு வீணாகவில்லை. அதற்காக வரலாற்றாளர்கள் தயாரித்த அறிக்கைகள் நாஜிகளின் துணைப்படையான எஸ்.எஸ். அமைப்பு பற்றிய அடிப்படை ஆய்வாக நூல் வடிவம் பெற்றன. தண்டனையின் அளவு குறைந்தாலும் சான்றின் அளவு பெருகியது. பிற்கால மறுப்பாளர்களுக்குப் பதில் சொன்னது அந்தச் சான்றுதான்.

காலக்கெடுவோடு நடந்த போராட்டம்

கொலை வழக்குத் தொடர சட்டம் 20 ஆண்டுகளே அனுமதித்ததால் 1965இல் எல்லாம் முடிந்துபோகும் நிலை வந்தது. 1949 முடிவிலிருந்து கணக்கிடலாம் என்று நாடாளுமன்றம் அவகாசத்தை நீட்டியது. 1969இல் அதை 30 ஆண்டுகளாக்கியது. 1979 ஜூலை 3 அன்று கொலைக்குக் காலவரம்பே இல்லை என்று தீர்மானித்தது. அதற்கு ஆதரவு 255, எதிர்ப்பு 222. அந்த ஆண்டு தொடக்கத்தில் யூதப் படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் கோடிக்கும் மேற்பட்டோர் வீடுகளுக்குள் போயிருந்தும் நிலைமை இவ்வளவுதான். 1970இல் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சாவின் யூத நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டதை மிகையானது என்று 48 விழுக்காட்டினரும், சரி என்று 41 விழுக்காட்டினரும் ஒரு கருத்துக்கணிப்பில் கூறியிருந்தார்கள். நாடே ஒரு குரலில் வருந்தியது என்ற கூற்றை இந்த எண்கள் ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காலக்கெடுவும் நாட்டை வாயைத் திறந்து விவாதிக்க வைத்தது. தோன்றாத வருத்தத்துக்குக் காத்திராமல் நாள்காட்டியே வேலையைச் செய்தது.

கிழக்கும் ஸ்டாசி கோப்புகளும்

கிழக்கு ஜெர்மனி தன்னைப் பாசிச எதிர்ப்பாளர்களின் அரசு என அறிவித்து, பழியை மேற்கின்மேல் போட்டது. 1958இல் திறக்கப்பட்ட பூகன்வால்ட் நினைவகம் கம்யூனிசப் போராளிகளைக் கொண்டாடியது. அதே வளாகத்தில் 1945 முதல் 1950 வரை சோவியத் நிர்வாகம் நடத்திய முகாமில் 28,000 பேர் அடைக்கப்பட்டு 7,000க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் பேச முடியவில்லை. யூதர்களிடம் மன்னிப்புக் கேட்ட அறிவிப்பு, சுதந்திரத் தேர்தலில் வந்த மக்களவையிடமிருந்து 1990 ஏப்ரலில்தான் வந்தது.

இரண்டாவது கணக்கை, அதாவது கிழக்கு ஜெர்மன் ஆட்சி மீதான விசாரணையை, இம்முறை குடிமக்களே தொடங்கினார்கள். உளவு அமைப்பான ஸ்டாசியில் 1989இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்களும், அவர்களைவிட இருமடங்கு ரகசியத் தகவலாளிகளும் இருந்தார்கள். கோப்புகள் அழிக்கப்படுவதை அறிந்து மக்கள் டிசம்பர் 4 அன்று எர்ஃபர்ட் அலுவலகத்தையும், 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகத்தையும் கைப்பற்றினார்கள். இரு ஜெர்மனிகளின் ஒன்றிணைப்புக்குப் பின் கோப்புகள் பூட்டிவைக்கப்படும் என்ற அச்சம் எழுந்ததும், செப்டம்பரில் மீண்டும் உள்ளே நுழைந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1991 டிசம்பரில் வந்த சட்டம், தன்னைப் பற்றிய கோப்பைப் படிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் கொடுத்தது. சுமார் 111 கிலோமீட்டர் நீளமுள்ள ஆவணங்களோடு, கையால் கிழிக்கப்பட்ட தாள்கள் நிரம்பிய 16,000 மூட்டைகளும் மிஞ்சியிருந்தன. அவற்றை 1995 முதல் ஊழியர்கள் துண்டு துண்டாக ஒட்டத் தொடங்கினார்கள்.

இந்த இரு விசாரணைகளையும் அடுத்தடுத்து வைப்பதே நாஜிக் குற்றங்களைச் சிறிதாக்கும் என்று சிலர் அஞ்சினார்கள். ஸ்டாசி அரசு இனப்படுகொலை செய்யவில்லை; அந்த வேறுபாடு அழியக் கூடாது. பூகன்வால்டில் இரு முகாம்களையும் நினைவுகூரலாம், ஆனால் நாஜி முகாமுக்கே முதன்மை, இரண்டுக்கும் இடம் தனித்தனி என்று வரலாற்றாளர் குழு பரிந்துரைத்தது. இரு அரசுகளும் வேறு வேறானவை. ஆவணத்தைத் திறந்து பார்ப்பது என்ற முறை மட்டுமே பொதுவானது.

ஒன்றிணைந்த ஜெர்மனியில்

பல ஆண்டு சர்ச்சைக்குப் பின் 1999 ஜூனில் நாடாளுமன்றம் முடிவெடுத்து, பீட்டர் ஐசன்மன் வடிவமைத்த 2,711 கான்கிரீட் தூண்களின் நினைவிடம் 2005 மே மாதம் பெர்லினில் திறக்கப்பட்டது. இதெல்லாம் வெறும் சடங்காகிவிட்டது என்பவர்கள், 2025 தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி 20.8 விழுக்காடு வாக்குப் பெற்றதைச் சுட்டுகிறார்கள். நினைவிடம் வாக்கை மாற்றும் என்று எதிர்பார்த்தால் அது தோல்விதான். ஆனால் சட்டமும் காப்பகமும் செய்யும் வேலை வேறு: அவை யாரையும் நல்லவர் ஆக்குவதில்லை, பொய்யைச் சுலபமாகச் சொல்லவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, 1968இல் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு சட்டத்திருத்தம், நாஜிக் கொலைகளுக்கு உடந்தையாக இருந்த அலுவலர் பலர் மீதான வழக்குகளைக் காலாவதியாக்கியது. அந்தத் திருத்தத்தை வரைந்த மேற்கு ஜெர்மன் நீதி அமைச்சகத்தில் 1949 முதல் 1973 வரை பணியாற்றிய 170 உயர்நிலைச் சட்ட அலுவலர்களில் 90 பேர் முன்னாள் நாஜிக் கட்சியினர் என்பது, பணியாளர் கோப்புகளைத் திறந்து அமைச்சகமே நடத்திய ஆய்வில் 2016இல் வெளியானது. குற்றவாளிகள் எல்லோரும் இறந்த பிறகும் அந்தக் கோப்புகளுக்கு வேலை இருக்கிறது.