மரப்பெட்டி ஃபிளமென்கோ வாத்தியமான கதை

1970களின் பிற்பகுதி. ஸ்பெயினின் கிதார் மேதை பாகோ டி லூசியா கச்சேரிக்காகப் பெரு நாட்டின் லிமாவுக்குப் போயிருந்தார். அங்கே நடந்த விருந்தில் காய்ட்ரோ சோட்டோ என்ற கறுப்பினக் கலைஞர் 'கஹோன்' என்ற ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, அதன் முன்பலகையைக் கையால் தட்டி வாசித்தார். பாகோவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. பெட்டியை விலைக்கு வாங்கினார். அது போய்ச் சேர்ந்தது ரூபெம் டான்டாஸின் கைக்கு.

டான்டாஸ் பிரேசில்காரர், பாகோ குழுவின் தாளக் கலைஞர். அதற்கு முன் மாட்ரிட்டில் 'டோலோரஸ்' என்ற ஜாஸ் குழுவில் வாசித்தவர். ஸ்பெயினின் ஆட்டமும் இசையும் சேர்ந்த கலையான ஃபிளமென்கோவில், அந்தக் காலத்தில் தாளம் என்றால் கைத்தட்டலும் ஆடுபவரின் காலும்தான். பாகோ 1973-லேயே 'என்ட்ரே டோஸ் அகுவாஸ்' இசையில் போங்கோ மேளத்தைச் சேர்த்துப் பார்த்திருந்தார். ஆனால் போங்கோவின் தோல் நாதம் வேறு ஊருடையது.

மரப்பெட்டி அப்படி இல்லை. நடுவில் உள்ளங்கையால் அடித்தால் மிருதங்கத் தொப்பி போலக் கனமாக இறங்கும். அதுவே குதிகால் சத்தம். மேல் விளிம்பில் விரலால் தட்டினால் 'டக்'கென்று தெறிக்கும். அது கைத்தட்டலோடு ஒட்டிக்கொள்ளும். ஃபிளமென்கோவின் புலேரியா, 12 எண்ணிக்கைத் தாளம். அழுத்தம் 12, 3, 6, 8, 10-இல் விழும். இரண்டும் மூன்றுமாகத் துள்ளும் இந்தக் கணக்கைத்தான் டான்டாஸ் பெட்டியில் உட்கார்த்தினார். பாகோ குழுவில் ஹோர்ஹே பார்டோவின் புல்லாங்குழலும் சாக்ஸும், கார்லஸ் பெனவென்ட்டின் பேஸ் கிதாரும் ஜாஸ் பாணியில் கற்பனையாக விரியும்போது, கீழே தாளம் ஆட்டம் காணாமல் நின்றது. பின்னாளில் ஜாஸ் பியானோக் கலைஞர் சிக் கொரியாவும் டான்டாஸைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார்.

ஸ்பெயினில் இந்தப் பெட்டி காட்டுத்தீயாகப் பரவியது. அங்குள்ள கைவினைஞர்கள் முன்பலகைக்குப் பின்னால் கம்பிகளைக் கட்டி 'ஸ்ஸ்' என்ற அதிர்வையும் சேர்த்தார்கள். இன்று ஃபிளமென்கோ மேடையில் கஹோன் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

புகழ் முழுவதும் பாகோவுக்கே போய்விட்டது. கண்டுகொண்டது அவர் கண் என்பது உண்மை. ஆனால் அதை ஃபிளமென்கோ பேச வைத்தது டான்டாஸின் கை. அதற்கும் முன்னால், பெருவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வம்சம் தலைமுறை தலைமுறையாக இதை வாசித்து வந்திருக்கிறது. பெரு அரசு 2001-இல் கஹோனைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. யாராவது இதை ஸ்பெயின் வாத்தியம் என்று சொன்னால், காய்ட்ரோ சோட்டோ, ரூபெம் டான்டாஸ் என்ற இரண்டு பெயர்களையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.