இரண்டு கட்டத்துச் சிக்கனம்

சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் இரண்டே இரண்டு எண்களை மிச்சம் பிடிக்கப்போய் உலகமே திண்டாடிய கதை ஒன்று உண்டு. அதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1973-ஆம் வருஷம் அடையாற்றுக்குப் பக்கத்திலுள்ள ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்னும் கம்ப்யூட்டர் வந்து அமர்ந்தது. அந்த நாளில் புரோகிராம் எழுதுவதென்றால், வரிக்கு ஓர் அட்டை வீதம் துளையிட்டு, அட்டைக் கட்டை ஒப்படைத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடி காத்திருப்புத்தான்! எனவே கொடுக்குமுன் வரி வரியாகப் படித்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கமாயிற்று.

அட்டைக்கு 80 கட்டங்களே உண்டு. பெயர், விலாசம், தொகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே உலகெங்கும் வர்த்தகக் கணக்குகளில் 1965 என்பதை 65 என்று சுருக்கினார்கள். பிறகு அட்டை போய்விட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை.

இதைக் கண்டு நாம் சிரிக்க முடியாது. பிரபவ வருஷம் என்றால் 1927-ஆ, 1987-ஆ? நம் அறுபது வருஷச் சக்கரத்திலும் அதே சங்கடந்தானே! விஜயநகர காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் வருஷப் பெயரோடு சக ஆண்டையும் பொறித்தவர்கள் புத்திசாலிகள்.

1990-களின் பிற்பகுதியில் ஆபத்து நெருங்கியது. 99-க்குப் பின் 00 வந்தால், 65-ல் பிறந்தவருக்கு வயது என்ன? பழைய கணக்குகளைப் பழுது பார்க்கும் வேலையில் ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்தது. சென்னை இளைஞர்கள் பலர் கோபால் கற்றார்கள். கோபால் என்றதும் அடுத்த வீட்டுப் பையனை நினைக்க வேண்டாம். அது வர்த்தகக் கணக்குக்காக 1959-ல் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் மொழி.

முன்பின் அறியாத ஒருவர் எப்போதோ எழுதியதை அவர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தேதிக் கணக்கை ஒரே இடத்தில் எழுதி, மற்ற இடங்களிலிருந்து அதை அழைத்திருந்தால், ஒரு திருத்தத்தோடு வேலை முடிந்தது. நூறு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தால் நூறையும் தேட வேண்டும். ஒன்று தப்பினாலும் கணக்குக் கெடும். ஒற்றை எழுத்துப் பெயர்கள் வைத்த புண்ணியவான்களை எத்தனை பேர் சபித்தார்களோ! புரோகிராம் இயந்திரத்துக்காக மட்டும் எழுதப்படுவதல்ல, பின்னால் வந்து படிக்கும் மனிதருக்காகவும்தான் என்ற பாடத்தை அந்த வேலை கற்பித்தது.

சிலர் வருஷத்தை நான்கு இலக்கமாக விரித்தார்கள். வேறு சிலர், 50-க்குக் கீழே இருந்தால் 2000-க்கு மேல் என்பது போல ஓர் எல்லை வகுத்தார்கள். செலவு குறைவுதான், ஆனால் தொல்லை தள்ளிப் போயிற்றே தவிர, தீரவில்லை.

2000 ஜனவரி 1 பிறந்தது. பெரிய விபரீதம் ஒன்றும் நேரவில்லை. உடனே, “இதற்கா இத்தனை அமர்க்களம்?” என்றார்கள். வெள்ளம் ஊருக்குள் வராதபோது கரை கட்டியவனை யார் நினைக்கிறார்கள்?

இன்னொரு கரையும் பாக்கி இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை 32 பிட்டுக்குள் அடக்கும் பழைய புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதி, நம் கடிகாரத்தில் காலை 8 மணி 44 நிமிஷத்தில் இடம் தீர்ந்துபோகும். அதையும் யாரோ இப்போது சத்தமில்லாமல் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காவது முன்கூட்டியே ஒரு நன்றி சொல்லி வைப்போமே!