கடாரமும் கங்காணியும்

கடாரம் கொண்டான் என்று இராசேந்திரனைப் பாராட்டாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. 1025ஆம் ஆண்டிலே சோழர் கப்பற்படை கடல் கடந்தது, கடாரம் வீழ்ந்தது, மன்னன் மெய்க்கீர்த்தியிலே அந்த வெற்றி இடம்பெற்றது. அதைச் சொல்லித் தோள் தட்டுகிறோம். தட்டலாம், தவறில்லை! ஆனால் அதே கடாரத்துக்கு, இன்று மலேசியாவின் கெடா மாநிலமாக இருக்கும் அந்த மண்ணுக்கு, ஏறத்தாழ எட்டரை நூற்றாண்டுகள் கழித்து, அதே சோழ நாட்டிலிருந்து தமிழன் மீண்டும் போனான். படை நடத்தப் போகவில்லை, பால்மரம் வெட்டப் போனான். வாளேந்திச் சென்றவனுக்கு மெய்க்கீர்த்தி இருக்கிறது. பால்வெட்டும் கத்தியேந்திச் சென்றவனுக்கு என்ன இருக்கிறது? பலருக்குக் கல்லறைகூட இல்லை!

அயல்நாட்டு வாழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அறிய விரும்பும் இளைஞன் படிக்கவேண்டியது மன்னனின் கதையை அல்ல, இந்த மனிதனின் கதையை.

தமிழனுக்குக் கடல் புதிதன்று. சுமத்ராவின் பாருஸ் பகுதியிலே 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவினர் தம் பெயர் பொறித்த கல் அது. அவர்கள் சொந்த முதலோடு, சொந்தச் சரக்கோடு போனவர்கள். அந்த மரபு இருந்த நாட்டிலேதான் கடற்பயணத்தைப் பாவப் பட்டியலில் சேர்த்த பௌதாயன தரும சூத்திரமும் மதிக்கப்பட்டது. கடல் தாண்டினால் சாதி கெடும் என்றார்கள். கெட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்! கெட்டதா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டிஷ் பேரரசிலே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. சட்டம் அடிமையை விடுவித்தது. தோட்ட முதலாளியின் ஆசையை யார் விடுவிப்பது? கரும்புக்கும் காப்பிக்கும் மலிவான கைகள் தேவைப்பட்டன. 1877இல் ரப்பர் நாற்று சிங்கப்பூர் வந்தது. மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை, 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி கண்டறிந்து பரப்பினார். மேல்நாட்டிலே மோட்டார் வண்டி பெருகப் பெருக, மலாயாவிலே காடு அழிந்து ரப்பர் தோட்டம் பெருகியது. தோட்டம் பெருகப் பெருக, தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வடஆர்க்காட்டிலும் கிராமங்கள் காலியாயின.

ஏன் போனார்கள்? ஊரிலே என்ன இருந்தது, இருப்பதற்கு? பண்ணையாள் முறை இருந்தது. அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைக்கும் வழக்கம் இருந்தது. 1876இல் தொடங்கி 1878 வரை மக்களை வாரிக்கொண்டு போன பஞ்சம் இருந்தது. தஞ்சை மிராசுதாரர்கள் ஆள் வெளியேறுவதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்களே, ஏழையின் சாதி கெட்டுவிடுமே என்ற கவலையாலா? இல்லை. ஏர் பிடிக்க ஆள் கிடைக்காதே என்ற கவலையால்!

முதலிலே ஒப்பந்தக் கூலி முறை. ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தைவிட்டு விலகினால் தண்டனை. அந்தக் கொடுமை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. அதன் இடத்தைக் கங்காணி முறை பிடித்துக்கொண்டது. கங்காணி வெளியாள் அல்லன். நம் ஊர்க்காரன், நம் உறவுக்காரன். நல்ல வேட்டி கட்டி, கைவிரலில் மோதிரம் மின்ன ஊருக்கு வருவான். மரத்தைக் கீறினால் பணம் கொட்டும் என்பான். அவன் திரட்டிய ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனை பேருக்கும் நாள் கணக்கிலே அவனுக்குத் தலைக்காசு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், பிறகு கப்பல், பினாங்குக்கருகே ஜெரஜாக் தீவிலே நோய்த் தடுப்புக் காவல், அதன்பின் தோட்டம்.

ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வரி தண்டிக் கப்பற்கட்டணத்தை ஏற்றது. கடனாளியாகவே கரையிறங்கும் நிலை அதனால் குறைந்தது. காசைக் கண்ணால் பார்க்காத பண்ணையாள், அங்கே மாதக் கூலியைக் கையிலே வாங்கினான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளி வேண்டும் என்றது. ஊரிலே பள்ளி வாசலை மிதிக்க முடியாதிருந்த பிள்ளை அங்கே அரிச்சுவடி பிடித்தான். இவை ஏற்றம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் யார்? பல தோட்டங்களிலே கிராணியோ கங்காணியோதான்! கூலி எவ்வளவு? ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே கத்தி. பெண் என்பதற்காகப் பத்துக் காசு குறைவு! விடியுமுன் பெரட்டு, வரிசையாக நிற்கும் லயத்து அறைகள், தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. துரை கொடுத்த கூலி, தோட்ட எல்லையைத் தாண்டுமுன்னே கள்ளாக மாறிக் கரைந்தது. சாதியோ கப்பலிலே கட்டணமின்றி வந்து இறங்கியிருந்தது. ஆதிதிராவிடர்க்குத் தனி லயம், கோயிலிலே தள்ளி நிற்கும் இடம், தண்ணீரிலும் வேற்றுமை. கடல் தாண்டினால் சாதி கெடும் என்ற சாத்திரம் பொய்த்தது. தாமே கெடுத்தாலன்றிச் சாதி கெடாது!

1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை பாதாளம் பாய்ந்தது. 1930 முதல் 1932 வரை, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். வேண்டும்போது கப்பலேற்றி அழைத்தவர்கள், வேண்டாதபோது கப்பலேற்றி அனுப்பினார்கள். 1938 ஜூனில், கூலி குறைப்புத் தகராற்றின் விளைவாக, உதவிக் கட்டணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. கங்காணியின் கடை மூடப்பட்டது.

அந்தச் சரிவுக் காலத்திலேதான் சிந்தனை தளிர்த்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா சென்றார். ஊர்தோறும் தன்மானம் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். கூலி என்று அழைக்கப்பட்டவன் தன்னைத் தமிழன் என்றும், தொழிலாளி என்றும், மனிதன் என்றும் எண்ணத் தலைப்பட்டான்.

அந்த எண்ணத்தின் விளைவை 1941 கண்டது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே வேலைநிறுத்தம்! சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். மருத்துவம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். தம் பெண்டிரிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்றார்கள்!

நண்பர்களே, இந்தக் கோரிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இதனால் அரைக்காசு கூலி உயருமா? உயராது. ஆயினும் கேட்டார்கள். ஊரிலே ஆண்டை எதிரே வந்தால் செருப்பைக் கையிலெடுத்து, தோள் துண்டை இடுப்பிலே கட்டியவனின் பிள்ளைகள் அவர்கள். ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்தும், ஆண்டைக்குப் பதில் துரை நின்றான். செருப்புக்குப் பதில் சைக்கிள். இறங்கமாட்டேன் என்று அவன் சொன்ன நாளே, அவன் உண்மையில் கரையேறிய நாள். அதற்கு அரசு தந்த விடை துப்பாக்கிச் சூடு. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர், வாந்திபேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரவராக மாண்டனர். போர்க் கைதிகளாயிருந்து மாண்ட வெள்ளையர்க்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு, பெயர்கள் உண்டு. நம்மவர் பெயரைக் காடுதான் அறியும்.

போர் முடிந்து திரும்பியவன் பழைய கூலியாகத் திரும்பவில்லை. கெடாவிலே, ஆம், அந்தக் கடாரத்திலேயே, 1946இல் தொண்டர் படை தோன்றிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1947இல் காவல்துறை அதை ஒடுக்கியது. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். எனினும் 1954இல் தோட்டத் தொழிலாளர்க்கு ஒரே தேசியச் சங்கம் உருவாயிற்று. வெள்ளைக் குழுமங்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, 1960இல் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகத் தவணை கட்டினர். தாம் உழைத்த தோட்டத்துக்குத் தாமே பங்காளிகளாயினர். இராசேந்திரன் வென்ற கடாரத்திலே உழவனுக்கு ஒரு சாண் நிலம் வரவில்லை. வெள்ளிக்காசைச் சேர்த்துவைத்த தொழிலாளிக்கு வந்தது!

அத்துடன் இன்பமாக முடியவில்லை கதை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. உரிய நேரத்திலே விண்ணப்பம் எழுதத் தெரியாதிருந்த பல்லாயிரவர், பிறந்து வளர்ந்த மண்ணைவிட்டுக் கப்பலேறினர். எழுத்தறியாமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இன்று பால்மரக் காட்டுக்குப் பதில் பாலைவனம். கப்பலுக்குப் பதில் வானூர்தி. கங்காணிக்குப் பதில் முகவர். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம், சொன்ன வேலை வேறு கிடைத்த வேலை வேறு, முதலாளியின் பெட்டியிலே முடங்கிய கடவுச்சீட்டு – இவற்றைக் கேள்விப்படாத ஊர் இருக்கிறதா?

போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகாதே என்று சொல்வது சாத்திரக்காரன் வேலை. போ! ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போ. போன இடத்திலே சாதிச் சங்கம் தேடாதே, தொழிலாளர் சங்கம் தேடு. அனுப்பும் பணத்திலே கோயில் கோபுரத்துக்கு வண்ணம் பூசுமுன், தங்கையின் படிப்புக்கு வழி செய். மலாயாத் தோட்டத்தின் நெடுங்கதை நமக்குச் சொல்வது ஒன்றே: அயல்நாடு கூலி தரும், ஏற்றத்தைத் தராது. ஏற்றம் என்பது, சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தானே, அவன் தானே தேடிக்கொண்டது!