தீர்ப்பு விதையும் எலியின் நினைவும்

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கே, கலபார் பகுதியில் வாழும் எஃபிக் மக்களிடம் முற்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சூனியக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு கொடியின் விதையை உண்ணக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி. அவ்விதையிலிருந்து 1864-ல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்த நஞ்சுதான் ஃபைசோஸ்டிக்மின். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கொலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது.

நூறாண்டுகளுக்குப் பின் அதே நஞ்சு இன்னொரு விசாரணைக்கு வந்து சேர்ந்தது. அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் அசிட்டைல்கொலினை உருவாக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பது 1976-ல் தெரியவந்தது. முன்மூளையின் அடித்தளத்தில் அதனைச் சுரக்கும் நரம்பணுக்கள் பெருமளவு அழிந்திருப்பதை 1982-ல் வைட்ஹவுஸ் குழுவினர் காட்டினர். அப்படியானால் மறதியின் வேர் இந்தப் பற்றாக்குறைதானா?

கேள்வி எலிகளிடம் சென்றது. அந்நரம்பணுத் திரளை ஐபோடெனிக் அமிலம் செலுத்திச் சிதைத்தபோது எலிகள் கற்பதிலும் நினைவுகூர்வதிலும் தடுமாறின. ஃபைசோஸ்டிக்மின் கொடுத்ததும் அத்தடுமாற்றம் நீங்கியதென 1985-ல் முர்ரேயும் ஃபிபிகரும் எழுதினர். விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. இதே நொதியைத் தடுக்கும் டாக்ரின் 1993-லும் டோனெபெசில் 1996-லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

ஆனால் ஐபோடெனிக் அமிலம் குருட்டுக் கோடரி. அசிட்டைல்கொலினோடு தொடர்பற்ற அண்டை அணுக்களையும் அது வெட்டிச் சாய்த்திருந்தது. 1990-களில், குறித்த அணுக்களை மட்டுமே கொல்லும் நச்சு கிடைத்தது. அதனால் சிதைக்கப்பட்ட எலிகள் பல, கலங்கிய நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை ஏறக்குறைய நலமான எலிகளைப் போலவே நீந்திக் கண்டுகொண்டன. குறை தெளிவாக வெளிப்பட்டது கவனத்தைச் சோதிக்கும் பணிகளில். நினைவிழப்பு என்று நாம் படித்ததில் ஒரு பங்கு கவனச் சிதறலாக இருந்திருக்கலாம்.

ஈரலைப் பாதித்த டாக்ரின் 2013-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மறைந்தது. டோனெபெசில் இன்றும் தரப்படுகிறது. சிலருக்குச் சில காலம் சிறிய ஆறுதல் தருகிறது, நோயை நிறுத்துவதில்லை. தன் தந்தையின் பெயரைத் தந்தையே மறப்பதைப் பார்த்திருக்கும் ஒருவருக்கு அச்சிறிய ஆறுதலும் சிறியதன்று.

எனினும் கலபாரின் நீதிமான்களை எண்ணிப் பார்க்கிறேன். வாய் பேசாத உடலொன்றிடம் கேள்வி கேட்டு, அதன் துடிப்பில் தாம் முன்பே எழுதிவைத்திருந்த விடையை அவர்கள் வாசித்தார்கள். வழி தவறிய எலி மறந்ததா, கவனிக்கத் தவறியதா என்று அது சொல்வதில்லை. சொல்பவர்கள் நாம்தான்.